முப்பத்தெட்டாவது ஆணி

என் பட்டறையின் வடக்குச் சுவரில் முப்பத்தேழு ஆணிகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் உடைந்துபோன கியர்பாக்ஸ் சாமான் ஒன்று தொங்கும். பல் உதிர்ந்த கியர், முறுக்கிப் பிளந்த தண்டு, கருகி ஒட்டிக்கொண்ட கிளட்ச் தட்டு. ஒவ்வொன்றிலும் கம்பி கோத்த ஓர் அட்டைச் சீட்டு. யார் உடைத்தார், எப்படி உடைத்தார் என்று அதில் எழுதியிருக்கும். உடைத்தவரே தன் கையால் எழுதி, கீழே கையெழுத்தும் போட வேண்டும். அதுதான் சுவரின் சட்டம். சட்டம் போட்டவன் நான்.

“எண்ணெய் ஊற்றாமல் ஓட்டினேன். கழுதைக்கு என்னைவிட மூளை அதிகம். டெல்மர்.” இப்படி எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் நான் வேலையை எடுப்பேன். சனிக்கிழமை காலையில் கூடுகிற கூட்டம் காபியும் டோனட்டுமாகச் சுற்றி நின்று சிரிக்கும். மாட்டிக்கொண்டவனும் சேர்ந்து சிரித்துவிட்டுப் போவான். தெற்கு ஒஹையோவில் எங்கள் ரேஸ் பாதைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் அந்தச் சுவரில் ஏறியவர்கள். பதினெட்டு வருஷத்தில் என் பெயர் மட்டும் ஏறியதே இல்லை. வெர்ல் ஆஸ்ட்ராண்டர் மூடிய கியர் பெட்டி தானாக உடையாது என்று நானே சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

முப்பத்தேழாவது ஆணியில் ரோவீனா மேப்ரியின் கையெழுத்து தொங்கியது. அந்தச் சீட்டில் இருந்தது பொய். அதை எழுத வைத்தவன் நான். இப்போது இதைச் சொல்லும்போதும் காது மடல் சுடுகிறது.

ரோவீனா பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். அவள் புருஷன் கார்லண்ட் என் பால்ய சிநேகிதன், செங்கல் சூளையில் மேஸ்திரி. அவனிடம் பச்சை நிற நோவா கார் ஒன்று இருந்தது. அறுபத்தொன்பதாம் வருஷத்து வண்டி, அதன் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் மொத்தமும் என் கைவேலை. எங்கள் பந்தயத்தில் வேகமாகப் போகிறவன் ஜெயிப்பதில்லை. இத்தனை விநாடியில் ஓடுவேன் என்று வெள்ளை ஷூ பாலிஷால் கண்ணாடியில் எழுதி வைக்க வேண்டும். எழுதிய நேரத்துக்கு யார் மிக அருகில் ஓடுகிறாரோ அவருக்கு வெற்றி. எழுதியதைவிட வேகமாக ஓடினால் தோல்வி. சொன்ன சொல் தவறாத வண்டிதான் வேண்டும். அதனால்தான் எல்லோரும் ஆட்டோமேட்டிக் வைத்துக்கொள்கிறார்கள். கிளட்ச் மிதிக்க வேண்டாம், லீவரைத் தள்ளினால் போதும்; ஒழுங்காகக் கட்டிய பெட்டி நூறு தடவை கியர் மாற்றினாலும் நூறு தடவையும் ஒரே மாதிரி மாற்றும்.

வண்டி சொல் தவறவில்லை. கார்லண்ட்தான் தவறினான். புறப்படும் கோட்டில் மஞ்சள் விளக்கு ஒவ்வொன்றாக இறங்கிப் பச்சை வருவதற்குள் அவன் கால் அவசரப்படும். தோற்றாய் என்று சிவப்பு எரியும், அவன் வீட்டுக்குப் போவான். ஒரு நாள் எரிச்சலில், “உன் பொண்டாட்டியை உக்கார வைடா, அவளுக்காவது பொறுமை இருக்கும்” என்றேன். கேலியாகத்தான் சொன்னேன். அவன் நிஜமாகவே உட்கார வைத்துவிட்டான்.

பின்னால் நாற்பது பிள்ளைகள் கத்திக்கொண்டிருக்க, ஒவ்வொரு ரயில் பாதையிலும் பஸ்ஸை நிறுத்தி, கதவைத் திறந்து, காது கொடுத்துக் கேட்டுவிட்டுப் போகிற பெண் அவள். விளக்கு அவளை என்ன செய்யும்? அந்த வருஷம், தொண்ணூற்றேழில், ரோவீனா ஓட்டிய பதினோரு வாரத்தில் நாலு தடவை ஜெயித்தாள். வண்டியை விட்டு இறங்கும்போது ஹெல்மெட்டைக் கழற்றி ஆப்பிள் கூடை மாதிரி இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்து வருவாள். ஐம்பத்தொரு வயசில் முதல்முதலாகத் தனக்கென்று ஏதோ கிடைத்த முகம் அது. எனக்கும் பெருமை. கண்டுபிடித்தவன் நான் என்று அதையும் சொல்லிக்கொண்டேன்.

வருஷக் கடைசிப் பந்தயத்துக்கு ஒரு வாரம் முன்பு நான்தான் கார்லண்டிடம் போய் நச்சரித்தேன்.

“ரெண்டாவது கியர் கொஞ்சம் மந்தமா விழுதுடா. பெட்டியை இறக்கு. ஒரு தட்டு கூடப் போட்டு, எண்ணெய் அழுத்தத்தை ஏத்தி வுடறேன். கத்தி மாதிரி விழும்.”

“நல்லாத்தானடா ஓடுது? ஓடுற வண்டில ஏன் கைய வைக்கிற?”

“நீ செங்கல்லைப் பாரு. நான் பெட்டியைப் பாக்குறேன்.”

இதைச் செய் என்று அவனும் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை. கோப்பை கிடைத்தால் அதில் என் பங்கும் பேசப்பட வேண்டும் என்ற ஆசை, வேறென்ன. பெட்டியை இறக்கினேன். எண்ணெய் போகும் தகட்டில் துளையை ஒரு நூல் பெரிதாக்கினேன், அழுத்தத்துக்கு வலுவான ஸ்பிரிங் போட்டேன். இரண்டாவது கியரின் கிளட்ச் அடுக்கில் கூடுதலாக ஒரு தட்டு வைத்தேன்.

அந்த அடுக்கை அடக்கிப் பிடிப்பது ஓர் எஃகு வளையம். சாப்பாட்டுத் தட்டு அகலம், ஒரு பக்கம் வாய் திறந்திருக்கும். பெட்டியின் உள்சுவரில் வெட்டியிருக்கும் பள்ளத்துக்குள் அது போய் உட்கார வேண்டும். உட்கார்ந்தால் ‘டிக்’ என்று ஒரு சத்தம் வரும். பிறகும் ஸ்க்ரூ டிரைவர் நுனியால் சுற்று முழுக்கத் தட்டிப் பார்க்க வேண்டும். கூடுதல் தட்டு போட்டால் அடுக்கு இறுக்கமாக இருக்கும், வளையம் பாதி உட்கார்ந்துவிட்டு உட்கார்ந்த மாதிரி நடிக்கும். இது எனக்குத் தெரியாததா? ஊருக்கே பாடம் எடுப்பவன் நான்.

அன்றைக்குக் காபிக் கூட்டத்து டெல்மரும் ஹோபர்ட்டும் பட்டறையில் இருந்தார்கள். பக்கத்து மாவட்டத்தில் ஒரு மெக்கானிக் கியர்பாக்ஸுக்குள் கந்தல் துணியை வைத்து மூடிய கதையை நான் சொல்லிக்கொண்டிருந்தேன். அவன் நடை, அவன் முழி, துணியை வெளியே இழுத்ததும் அவன் “இது எங்கூரு ஃபில்டருங்க” என்று சொன்னது, எல்லாவற்றையும் நடித்துக் காட்டினேன். டெல்மர் தொடையில் அடித்துச் சிரித்தான். அந்தச் சிரிப்பில்தான் வளையத்தைப் போட்டேன். ‘டிக்’ கேட்டதா? கேட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். தட்டிப் பார்க்கவில்லை. பெட்டியை மூடினேன்.

கடைசிப் பந்தயத்தில் ரோவீனா அரையிறுதி வரை வந்தாள். ஓடுவதற்கு முன் பின்சக்கரங்களைத் தேங்கிய தண்ணீரில் சுழலவிட்டுச் சூடேற்றுவது வழக்கம். சக்கரம் சுழல்வது தண்ணீருக்குள்ளேயே நின்றுவிட வேண்டும். சுழன்றபடியே காய்ந்த தரைக்கு வந்தால் தரை சட்டென்று கவ்வும், அந்த அதிர்ச்சி நேராகப் பெட்டிக்குள் இறங்கும். உள்ளே ஒரு பக்கம் மட்டும் சுற்ற விடுகிற ஒருவழிச் சக்கரம் ஒன்று உண்டு. அது பிளந்துவிடும். பெட்டி கட்டுகிற எங்கள் ஜாதிக்கே இது ஒரு வசதி. எது உடைந்தாலும் முதல் கேள்வியாக இதைத்தான் கேட்போம்.

புகை கிளம்பியது, அடங்கியது. கோட்டுக்கு வந்து நின்றாள். விளக்கு இறங்கியது, புறப்பட்டாள். நல்ல புறப்பாடு. முதல் கியர் முடிந்து இரண்டாவதுக்கு லீவரைத் தள்ளிய இடத்தில் என்ஜின் பிடிமானம் இல்லாமல் அலறியது. அடுத்து ‘டமால்’ என்று ஒரு சத்தம். பச்சை நோவா உருண்டுகொண்டே போய் ஓரமாக நின்றது.

நாங்கள் ஓடினோம். கார்லண்ட் மூச்சு வாங்கக் கதவைத் திறந்தான்.

“என்னடீ பண்ணின?”

“ஒண்ணும் பண்ணல. எப்பவும் போல ரெண்டாவதுக்குத் தள்ளினேன். புடிச்சு வுட்டுட்டு மறுபடி புடிச்ச மாதிரி இருந்துச்சு.”

நான் வாயைத் திறந்தேன். “தண்ணியை வுட்டு வெளிய வர்றப்ப சக்கரம் சுத்திட்டிருந்துச்சா, ரோவீனா?”

அந்த நேரத்தில் அது பொய் இல்லை, வெறும் பழக்கம். ஆனால் அவள் ஒரு நிமிஷம் யோசித்தாள். “இல்லன்னுதான் நெனைக்கிறேன்” என்றாள். ‘நெனைக்கிறேன்’ என்ற அந்த ஒரு வார்த்தையைக் கார்லண்ட் பிடித்துக்கொண்டான்.

திங்கட்கிழமை பெட்டியைப் பிரித்தேன். ஒருவழிச் சக்கரம் பிளந்துதான் இருந்தது. ஆனால் வளையம், அந்த எஃகு வளையம், தட்டுகளின் மேல் சாய்ந்து கிடந்தது. வளையவில்லை, உரசல்கூட இல்லை. அது உட்கார வேண்டிய பள்ளத்தின் ஓரம் புதுசு மாதிரி கூர்மையாக இருந்தது. வலுக்கட்டாயமாகப் பிடுங்கப்பட்ட வளையம் பள்ளத்தைக் கடித்துக் குதறிவிட்டுத்தான் வரும். இது உட்காரவே இல்லாத வளையம். அழுத்தம் ஏறியதும் நழுவியிருக்கிறது, கிளட்ச் விட்டிருக்கிறது, மறுபடி கவ்விய உதையில் ஒருவழிச் சக்கரம் பிளந்திருக்கிறது. அவள் சொன்னது அட்சரம் பிசகாமல் சரி.

கதவுப் பக்கம் கார்லண்டின் குரல் கேட்டது, கூடவே டெல்மர், ஹோபர்ட். பின்னால் ரோவீனா, பஸ் வேலை முடித்த நீல ஜாக்கெட்டோடு. நான் வளையத்தைக் கந்தலில் சுற்றி மேஜைக்கு அடியில் தள்ளினேன். கை தானாகச் செய்தது என்று சொல்லத்தான் ஆசை. நான்தான் செய்தேன்.

“என்னடா ஆச்சு?” என்றான் கார்லண்ட்.

பிளந்த சக்கரத்தைத் தூக்கிக் காட்டினேன். “பாத்துக்க. தண்ணியைத் தாண்டி வந்துருக்கா.”

ஹோபர்ட்தான் பந்தயத்தில் தண்ணீர் இருக்கும் இடத்தில் நின்று வண்டிகளுக்குக் கை காட்டுகிறவன். அவன் தாடையைச் சொறிந்தான். “எனக்கென்னவோ உள்ளயே நின்னுட்ட மாதிரிதான் தெரிஞ்சுது, வெர்லு.”

“அந்தப் புகைல நீ உன் மூக்கையே பாத்திருக்க மாட்ட. உடைஞ்ச சாமான் பொய் சொல்லுமாய்யா?”

பெட்டி விஷயத்தில் என் பேச்சுக்கு அங்கே மறுபேச்சு கிடையாது.

ரோவீனா சிரிக்க முயன்றாள். “சரி, சட்டம்னா சட்டம். சீட்டைக் குடுங்க.” மேஜையில் குனிந்து, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி அழுத்தமாக எழுதினாள். “தண்ணீரைத் தாண்டி வந்தேன். என் கால் தப்பு. ரோவீனா மேப்ரி.” அவள் எழுதும்போது அவளுடைய ஷூ என் மேஜைக்கு அடியில் இருந்த கந்தலுக்கு ஒரு சாண் தள்ளி இருந்தது. நானே ஆணி அடித்தேன். எல்லோரும் சிரித்தார்கள், நானும்.

அடுத்த வாரமே அவளுக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். ‘வறட்டுத் தவளை’. கடையில், சர்ச் வாசலில், எங்கே பார்த்தாலும் ஒருவன், “தவளையக்கா, தண்ணிக்குள்ளயே இருங்க” என்பான். அவள் சிரித்துக்கொண்டு போவாள். கார்லண்ட் நோவாவின் ஓட்டுநர் இருக்கையைத் திரும்ப எடுத்துக்கொண்டான். “போதும், ஆசைக்கு ஓட்டியாச்சு” என்றானாம்.

பிப்ரவரியில் ஒரு மத்தியானம் அவள் தனியாக வந்தாள். ஒரு டப்பா நிறைய அவளே செய்த பக்கை மிட்டாய், வேர்க்கடலை உருண்டையைச் சாக்லெட்டில் முக்கினது. கையில் ஒரு நோட்டு. அந்தக் கடைசி ஓட்டத்தை விநாடி விநாடியாக எழுதி வைத்திருந்தாள்.

“வெர்ல், ஒண்ணு கேக்கணும். மனசுல அதையே ஓட்டிப் பாக்குறேன். ஒவ்வொரு தடவையும் சக்கரம் தண்ணிக்குள்ளதான் நிக்குது. காலை எடுத்தது, வண்டி அமுங்கினது, எல்லாம் ஞாபகமிருக்கு. ஆனா சாமான் உடைஞ்சிருக்கு. அப்ப என் ஞாபகம்தான் தப்பா?”

பட்டறையில் யாரும் இல்லை. நானும் அவளும் மட்டும். சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் கடவுள் தரப்போவதில்லை. சுவரைப் பார்த்தேன். பதினெட்டு வருஷப் பெருமை வரிசையாகத் தொங்கியது.

“எல்லாருக்கும் அப்படித்தாம்மா தோணும்” என்றேன். “கால் ஒண்ணு பண்ணும், மனசு ஒண்ணு சொல்லும்.”

அவள் அதையும் நோட்டில் எழுதிக்கொண்டாள். “வேற யாரா இருந்தாலும் சமாதானம் சொல்லியிருப்பாங்க. நீங்க உள்ளதைச் சொல்றீங்க. தேங்க்ஸ்” என்றாள். அவள் போன பிறகு அந்த மிட்டாய் டப்பாவை என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். குப்பையில் போட மனசு வரவில்லை. தின்னவும் முடியவில்லை.

முதல் பொய்யை வேண்டுமானால் பயம் என்று சொல்லலாம். இரண்டாவதுக்குப் பெயர் கிடையாது.

ஏப்ரலில் கார்லண்ட் வண்டியை இழுத்துக்கொண்டு வந்தான்.

“டேய், பெட்டியைப் பலப்படுத்திக் குடுடா. இருக்கறதுலயே தடியான ஒருவழிச் சக்கரமா போடு. கழுதை உதைச்சாலும் உடையக் கூடாது. டெஸ்ட் நாள்ல அவளை ஒரு தடவை ஓட்ட வுடலாம்னு இருக்கேன்.”

“ஏன், திடீர்னு?”

அவன் தொப்பியைக் கழற்றித் திருப்பிப் போட்டுக்கொண்டான். “ஆளே சரியில்லடா. மார்ச்சுல பஸ் வேணாம்னு எழுதிக் குடுத்துட்டா. இப்ப ஆபீஸ்ல ஃபோன் எடுக்குறா.”

“எதுக்கு?”

“மழை நாள்ல ஒரு தடவை பஸ் லேசா வழுக்கிச்சாம். ஒண்ணுமில்ல, யாருக்கும் அடியில்ல. ஆனா வீட்டுக்கு வந்து, ‘என் கால் என்ன செய்யுதுன்னு எனக்கே தெரியல, நாப்பது புள்ளைங்களை எப்படி ஏத்துவேன்’னு அழுதா. இருபத்திரண்டு வருஷம்டா, ஒரு கீறல் இல்லாம ஓட்டினவ.”

பக்கத்தில் இருந்த டயர் அடுக்கின் மேல் உட்கார்ந்துவிட்டேன். பந்தயத்தில் ஓர் இருக்கையைப் பறித்தேன் என்று மட்டுமே அதுவரை கணக்குப் போட்டிருந்தேன். அவள் காலையே அவளிடமிருந்து பிடுங்கியிருக்கிறேன்.

அப்போதாவது சொன்னேனா? இல்லை. “நல்லா கட்டித் தரேன்டா” என்றேன். அந்தப் பெட்டியைப் போல வாழ்நாளில் நான் எதையும் கட்டியதில்லை. அழுத்தத்தை ஒரு படி இறக்கி, துளையைப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, இரண்டாவது கியர் கத்தி மாதிரி வெட்டாமல் உறுதியாகக் கை குலுக்குகிற மாதிரி விழ வைத்தேன். கன்வெர்ட்டரை மாற்றி, புறப்படும்போது வண்டி திமிறாதபடி செய்தேன். வளையத்தைப் போட்டபோது ‘டிக்’ கேட்டது. தட்டிப் பார்த்தேன். மறுபடி தட்டிப் பார்த்தேன். மூன்றாவது தடவை தட்டும்போது எனக்கே என்னைப் பார்க்கச் சகிக்கவில்லை. பழைய வளையம் கந்தலோடு அதே மேஜைக்கு அடியில்தான் கிடந்தது.

மே முதல் வெள்ளிக்கிழமை டெஸ்ட் நாள். அன்றைக்குப் பந்தயம் கிடையாது, யார் வேண்டுமானாலும் ஓட்டிப் பார்க்கலாம். நான் பழைய வளையத்தை ஜாக்கெட்டுக்குள் தோளில் மாட்டிக்கொண்டு போனேன். ஓட்டி முடித்ததும் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, யார் காதிலும் விழாமல் மெதுவாகச் சொல்லிவிடுவது என்று திட்டம். அந்த நிலைமையிலும் என் மானத்துக்கு ஒரு போர்வை தேடினேன் பாருங்கள்.

அவள் முறை வந்தது. பச்சை நோவா தண்ணீரின் விளிம்பு வரைக்கும் வந்து நின்றது. ஹோபர்ட் உள்ளே வரச் சொல்லிக் கை காட்டினான். வண்டி நகரவில்லை. மறுபடி காட்டினான். அரை அடி நகர்ந்து நின்றது. பின்னால் என்ஜினை அணைத்துவிட்டுக் காத்திருந்த பத்துப் பதினைந்து வண்டிகள். ஒருவன் ஹாரன் அடித்தான். இன்னொருவன் கையை வாயில் குவித்து, “தவளையக்கா, குதி!” என்று கத்தினான், சிரிப்பு எழுந்தது. கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தேன். ஹெல்மெட்டுக்குள் தலையைக் குனிந்து தன் வலது காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்கு மேல் என்னால் நிற்க முடியவில்லை. ஓடிப் போய் ஜன்னலோரம் குனிந்தேன்.

“ரோவீனா, உன் மேல தப்பில்ல. அது நான்…”

என்ஜின் இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. தலையை ஆட்டினாள். இன்னும் பக்கத்தில் போய்ச் சொன்னேன். கேட்கவில்லை. நான் தொண்டை கிழிய ஆரம்பித்த அதே நேரம் அவள் கையை நீட்டி என்ஜினை அணைத்தாள். பாதை முழுக்க அமைதி. அந்த அமைதியில் என் குரல் ஒலிபெருக்கி வைத்த மாதிரி போய் எல்லோர் மேலும் விழுந்தது.

“வளையத்தை உக்கார வைக்காம மூடினது நான்! நீ தண்ணியைத் தாண்டவே இல்ல! எனக்கு அப்பவே தெரியும்!”

ஹாரன் அடித்தவன் கையை எடுத்துவிட்டான். பின்னால் வரிசையில் யாரோ, “என்ன சொல்றான்?” என்றான். “உன் காதுல விழுந்ததுதான்” என்றான் டெல்மர். கார்லண்ட் வேலிப் பக்கம் நின்றிருந்தான், வாய் கொஞ்சம் திறந்தபடி. தன் பொண்டாட்டியைத் தவளை என்று கூப்பிட்டவர்களில் அவனும் ஒருவன். ஹோபர்ட் என்னைப் பார்த்த பார்வையை எழுதத் தெரியவில்லை. எல்லோர் கண்ணும் என் மேல். பூமி பிளந்து விழுங்கினால் தேவலை என்று இருந்தது. பூமி அப்படியேதான் இருந்தது, நானும் அதன் மேல் நின்றுகொண்டுதான் இருந்தேன்.

ரோவீனா ஹெல்மெட்டின் முகமூடியைத் தூக்கினாள். கை நீட்டினாள். ஜாக்கெட்டுக்குள்ளிருந்து வளையத்தைக் கழற்றிக் கொடுத்தேன். கையுறை விரலால் அதன் ஓரத்தை முழுச் சுற்றும் தடவிப் பார்த்தாள்.

“ஒரு கீறல்கூட இல்ல” என்றாள்.

“இல்ல.”

“பிப்ரவரில நான் வந்தேனே. நீயும் நானும் மட்டும் இருந்தோமே.”

நான் தலையைக் குனிந்தேன்.

“ஏழு மாசம் என் காலையே பாத்துட்டு இருந்தேன், வெர்ல். படியேறினா பாத்தேன், ப்ரேக்கைத் தொட்டா பாத்தேன். தூக்கத்துலகூடப் பாத்தேன்.” அவள் குரல் உயரவில்லை. வளையத்தை ஹோபர்ட்டிடம் நீட்டினாள். “இதைப் பத்திரமா வச்சுக்கோங்க.” முகமூடியை இறக்கினாள். “வண்டிக்கு முன்னால நிக்காத. தள்ளிப் போ.”

தள்ளிப் போனேன். என்ஜின் எழுந்தது. தண்ணீருக்குள் போய்ச் சக்கரத்தைச் சுழற்றினாள், வெள்ளைப் புகை எங்கள் எல்லோரையும் மூடியது. புகை விலகியபோது பின்சக்கரங்கள் அசையாமல் நின்றிருந்தன, தண்ணீருக்குள், காய்ந்த தரைக்கு இரண்டு சாண் உள்ளே. ஹோபர்ட் குனிந்து சக்கரத்தைப் பார்த்தான், நிமிர்ந்து என்னைப் பார்த்தான். பிறகு அவள் ஓடினாள். கண்ணாடியில் எழுதியிருந்தது ஆறு புள்ளி ஒன்பது எட்டு. பலகையில் விழுந்ததும் அதே ஆறு புள்ளி ஒன்பது எட்டு. யாரும் என் தோளைத் தட்டவில்லை. அதற்கு முன்பெல்லாம் அந்தப் பெட்டி நன்றாக ஓடினால் நாலு பேர் தட்டுவார்கள்.

மறுநாள் சனிக்கிழமை. பட்டறையைத் திறந்து காபி போட்டு வைத்தேன். எட்டு மணி ஆயிற்று, ஒன்பது ஆயிற்று, யாரும் வரவில்லை. பத்து மணிக்கு ரோவீனா வந்தாள், கையில் ஹோபர்ட்டிடமிருந்து திரும்ப வாங்கிய வளையத்தோடு. பின்னால் கார்லண்ட், டெல்மர், ஹோபர்ட். யாரும் டோனட் பெட்டியைத் தொடவில்லை.

நேராகச் சுவருக்குப் போனாள். முப்பத்தேழாவது ஆணியிலிருந்து தன் சீட்டைக் கழற்றி, நாலாகக் கிழித்து, பாக்கெட்டில் போட்டுக்கொண்டாள். அந்தப் பழைய நீல ஜாக்கெட்டின் பாக்கெட். அதன் கைப்பகுதியில் பஸ் கம்பெனியின் வில்லை தைத்திருந்த இடத்தில் தையல் பிரித்த அடையாளம்.

நான் சுத்தியலை எடுத்தேன். புதிதாக ஓர் ஆணி அடித்தேன். முதல் அடி என் கட்டை விரலில் விழுந்தது. யாரும் சிரிக்கவில்லை. சீட்டு எடுத்து எழுதினேன். “வளையத்தை உட்கார வைக்காமல் மூடினேன். தெரிந்தே ரோவீனா மேல் பழி போட்டேன். அவள் நேரில் வந்து கேட்டபோதும் பொய் சொன்னேன்.” சீட்டு சின்னது. கையெழுத்துக்கு இடம் போதாமல் பெயரைப் பின்பக்கம் எழுத வேண்டியதாயிற்று.

“முன்பக்கம்” என்றாள் ரோவீனா.

இன்னொரு சீட்டு எடுத்து, எழுத்தைப் பொடியாக்கி எல்லாவற்றையும் முன்பக்கமே எழுதினேன். வெர்ல் ஆஸ்ட்ராண்டர். வளையத்தோடு சேர்த்து மாட்டினேன். அவள் வாய்க்குள்ளேயே ஒரு தடவை படித்துப் பார்த்தாள்.

“வர்ற திங்கள்லேர்ந்து மறுபடி பஸ் எடுப்பியா, ரோவீனா?” என்று கேட்டேன். எப்படியாவது ஒரு நல்ல வார்த்தை வந்துவிடாதா என்ற நப்பாசை.

“என் ரூட்டை ஒரு பையனுக்குக் குடுத்துட்டாங்க. எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தது நான்தானே, திருப்பிக் கேக்க முடியாதாம்.” அவள் சுவர் முழுவதையும் ஒரு தடவை பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். “வளையத்தை மாட்டிட்ட. சரி. என் பஸ்ஸை எந்த ஆணில மாட்டுவ?”

சுத்தியல் கையிலேயே இருந்தது. மேஜை மேல் இன்னும் அரை டப்பா ஆணி இருந்தது. அவள் வெளியே போய், அவர்கள் வந்த காரின் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து ஏறிக்கொண்டாள். கார்லண்ட் சுற்றிக்கொண்டு போய் அடுத்த சீட்டில் உட்கார்ந்தான்.